அத்தைக்காக நான் எழுதிய ஆட்சேபணை

ஏழாம் வகுப்பில் எனக்கு இருந்த ஒரே சொத்து என் கையெழுத்து. குண்டுகுண்டாக, கோடு போடாத தாளிலும் நேராக எழுதுவேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கணக்கு நோட்டை ஒளித்துவிட்டுத் தமிழ் நோட்டை எடுத்துக் காட்டுவார்கள். இதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம் ஒருமுறை பேரூராட்சி அலுவலகம் வரைக்கும் போய்வந்தது.

அறந்தாங்கி போகிற சாலையில் உள்ள சின்னப் பேரூராட்சி எங்களுடையது. பக்கத்து வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை. மாமா குவைத்தில் இருந்தார். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அத்தையும் இரண்டு பசுக்களும் ஒரு கன்றுக்குட்டியும்தான் வீட்டில். தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அத்தை வீட்டுப் பால்தான். பாக்கெட் பாலைத் தொடமாட்டோம் என்று எங்கள் தெருவுக்கே ஒரு பெருமை. அந்தப் பெருமைக்காகத் தினமும் நாலரை மணிக்கு எழுந்துகொண்டது அத்தை மட்டும்தான்.

அந்த வருஷம் பேரூராட்சிப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். குடியிருப்புத் தெருக்களில் மாடு வளர்க்கக் கூடாது என்று துணை விதி கொண்டுவரப் போகிறார்களாம். ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம், அதன்பிறகு கூட்டம் போட்டு முடிவெடுப்போம் என்று அதில் இருந்தது. எதிர்வீட்டு டீச்சர் அதைப் போனில் படம்பிடித்துவந்து காட்டினார். தெருவே கூடி நின்று படித்தது. எல்லோர் கண்ணிலும் ஆட்சேபணை என்ற ஒரு சொல்தான் பட்டது. மாட்டை விட்டுவிட்டால் அத்தை என்ன ஆவாள் என்று அம்மா கண்ணைக் கசக்கினாள். காப்பி என்ன ஆகும் என்றும் கவலைப்பட்டிருப்பாள், அதைச் சொல்லவில்லை.

“ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தா மதிக்க மாட்டாங்க. வீட்டுக்கு வீடு தனித்தனியா, கையால எழுதிக் குடுக்கணுங்க” என்றார் டீச்சர்.

கையால் என்றதும் ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். எல்லோருக்கும் வேலை இருந்தது. அப்பா என் தோளில் கையை வைத்து, “நம்ம பிள்ளை எழுதும்” என்றார். அவ்வளவுதான், ஒரு கட்டு வெள்ளைத் தாளும் இரண்டு பேனாவும் என் மடிக்கு வந்துவிட்டன.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கடிதம், பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் சரியாகப் போட்டேன். ‘எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எங்கள் வீட்டுக்குப் பால் வேண்டியிருப்பதால்’ என்று எழுதினேன். கடைசி வரியை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த டீக்கடைத் தாத்தா, ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு பன் கொடுத்தார். நாலு நாளில் முப்பத்தோரு கடிதம் எழுதினேன். விரல் வீங்கிவிட்டது. வீங்கிய விரலைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

கடைசியாக அத்தையின் கடிதம். அத்தைக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“எழுதுய்யா. நான் ரெண்டு மாடு வச்சிருக்கேன். இந்தச் சட்டம் வந்தா நல்லதுதான். எனக்கு ஆட்சேபணை இல்ல.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். “இருக்குன்னுதான் எழுதணும் அத்தை.”

“இல்லன்னு எழுதக் கூடாதா?”

“அப்படி யாரும் எழுதலயே.”

“நான் எழுதச் சொல்றேன்ல. முட்டி மடங்க மாட்டேங்குது. மக வீட்டுல போயி நாலு நாள் இருந்துட்டு வரணும். ஒரு நாளாச்சும் வெயில் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் தூங்கணும். நானா நிறுத்துனா தெருவுல எல்லாரும் சங்கடப்படுவாங்க. கவர்மெண்டு சொல்லிருச்சுன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. இதையே நல்லா எழுதி, கவரை ஒட்டிரு. யார்ட்டயும் சொல்லாத.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் தன் மனதைச் சொல்ல முடியாது. எனக்கோ அத்தை பரீட்சையில் தப்பான விடை சொல்வதாகத்தான் பட்டது. முப்பத்தோரு கடிதம் ஒரு மாதிரி இருக்கும்போது இது மட்டும் எப்படி வேறாக இருக்கும்? கன்றுக்குட்டி வேறு ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சரி அத்தை, சரி அத்தை என்று தலையாட்டிக்கொண்டே, ‘என் மாடுகளைப் பிரிந்தால் நான் ஒரு நாளும் உயிர் வாழ மாட்டேன்’ என்று எழுதினேன். அத்தை தாளை வாங்கி, எழுத்தழகைப் பார்த்துச் சிரித்து, கீழே கையெழுத்துப் போட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. செயல் அலுவலர் இளவயதுப் பெண். கடிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒங்க தெருவுல எல்லாருக்கும் ஒரே கையெழுத்தா?” என்று கேட்டார்.

டீச்சர் எழுந்து, “எழுதுனது ஒரு பிள்ளைதாங்க மேடம். சொன்னது அவங்கவங்கதான்” என்றார்.

“அப்ப ஒவ்வொண்ணா படிக்கிறேன். நீங்க சொன்னதுதானான்னு அவங்கவங்க எந்திரிச்சு சொல்லிருங்க.”

அதைக் கேட்டதும் அத்தையின் முகம் வெளுத்துப்போயிற்று. சபைக்கூச்சம் என்று நினைத்தேன். டீக்கடைத் தாத்தா கீழ்ப்படிதலுள்ள மாணவனாக எழுந்து நின்றபோது மண்டபமே சிரித்தது, செயல் அலுவலரும் சிரித்துவிட்டார். கடைசியில் அத்தையின் கடிதம் வந்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். ‘உயிர் வாழ மாட்டேன்’ என்ற வரியைப் படித்தபோது அம்மா மூக்கை உறிஞ்சினாள். அத்தை மெதுவாக நிமிர்ந்து என்னைத் தேடிப் பார்த்தாள். நான் பாராட்டுக்காகப் பல்லைக் காட்டினேன்.

“இது நீங்க சொன்னதுதானாம்மா?”

அத்தை எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். தெருவையே ஒருமுறை பார்த்தாள்.

“ஆமாங்க. நான் சொன்னதுதான்.”

ஏற்கெனவே மாடு வைத்திருப்பவர்கள் கொட்டகையைச் சுத்தமாக வைத்திருந்தால் இரண்டு மாடுவரை வளர்த்துக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்திவிட்டார்கள். அத்தையின் கடிதம்தான் அவர்கள் மனதை மாற்றியது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அன்று சாயந்திரம் தெருவுக்கே பாயசம். அதற்கான பாலையும் அத்தைதான் கறந்தாள். ஒரு டம்ளர் பாயசத்தை அவளிடம் நீட்டி, “சந்தோஷமா அத்தை?” என்று கேட்டேன்.

என் வீங்கிய விரலைப் பிடித்து நீவிவிட்டபடி அத்தை சொன்னாள்: “எழுத்து ரொம்ப அழகா இருந்துச்சுய்யா.”

மறுநாள் விடியுமுன்னே பக்கத்துக் கொட்டகையில் வாளியின் சத்தம் கேட்டு விழித்தேன். அத்தைக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க மனது நிறைந்துபோயிற்று. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன்.