ரயில் குதிரைக்கு ஒரு செட் சேணம்

ஏற்றுமதிக்குக் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலில் சாம்பிள் பாஸாகும்வரை யாருக்கும் சோறு இறங்காது. சாம்பிளை முடித்துவிட்டு வாங்க வரும் பையர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆம்பூரில் எங்கள் செக்ஷனில் பன்னிரண்டு பேர், நான் இன்சார்ஜ். கொஞ்ச நாளாக ஆர்டர் கம்மி. இந்த சாம்பிளும் ஊத்திக்கொண்டால் செக்ஷனை மூடி எல்லோரையும் ஷூ லைனுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

எஞ்சினுக்குக் கொள்ளு

இந்த சாம்பிளைக் கேட்டது இங்கிலாந்தில் ஒரு மியூசியம். ரயில் எஞ்சின் வருவதற்கு முன்பே அங்கே சுரங்க நிலக்கரியைத் தண்டவாளத்தில் குதிரைகள் இழுத்திருக்கின்றன. முதலில் மரத் தண்டவாளம், பிறகு இரும்பு. 'வேகன்வே' என்று பெயராம். ரோட்டில் ஒரு வண்டிக்கே மூச்சு வாங்கும் குதிரை, தண்டவாளத்தில் மூன்று நான்கை இழுத்துவிடுமாம். அந்தக் குதிரையின் சேணம் போலவே ஒன்று வேண்டும். படத்தை விரித்து நான் விளக்கி முடித்ததும், மாதனூரிலிருந்து வரும் எங்கள் சீனியர் டெய்லர் செல்வி சொன்னார்: "அப்போ எஞ்சினுக்கு கொள்ளு வெக்கணும்னு சொல்லுங்க சார்."

அளவு பார்த்த கதை

வைக்கோல் திணித்த கழுத்துக் காலரை முதலில் முடித்தோம். போட்டுப் பார்க்கக் குதிரை வேண்டுமே. கல்யாணத்துக்கு சாரட் விடும் பாஷா பாயின் குதிரையை வரவழைத்தோம். காலரை மாட்டினால் அது கழுத்தில் நிற்காமல் முழங்கால்வரை இறங்கியது. இங்கிலாந்துக் குதிரைகள் அவ்வளவு பெரிசு. பாஷா பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், காலர் கேட்டாங்களா, லாயம் கேட்டாங்களா?"

ஒரு வார் ஜாஸ்தி

அதே பாஷா பாய்தான் படத்தில் ஒரு குறை கண்டுபிடித்தார். குதிரையின் பின்தொடையைச் சுற்றிவரும் வாரே இல்லை. அது இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டி குதிரை மேலேயே ஏறிவிடும் என்றார். பாவம் வாயில்லா ஜீவன் என்று, யாரையும் கேட்காமல் அந்த வாரையும் செய்யச் சொல்லிவிட்டேன்.

வீடியோ காலில் அந்த வாரைப் பார்த்ததும் மியூசியத்துக்காரர் முகம் சுருங்கியது. இறக்கத்தில் குதிரையை அவிழ்த்துவிடுவார்களாம். வண்டிகள் தானாக உருளும், குதிரை கடைசி வண்டியில் ஏறி நின்றுகொண்டு புல் தின்றபடி வருமாம். அந்த வண்டிக்கு 'டாண்டி' என்று தனிப் பெயரே இருக்கிறது. நான் வியர்த்து வழிந்தபடி இதை செக்ஷன் ஆட்களுக்குத் தமிழில் சொன்னேன். செல்வி நிதானமாகக் கேட்டார்: "வேலை முடிஞ்சா குதிரைக்கும் கம்பெனி பஸ்ஸா சார்?"

பக்கிள்

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோலில் ஒரு முறை ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். தையலைப் பிரித்தாலும் சாம்பிள் போச்சு. பன்னிரண்டு பேர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே. செல்வி கேமரா முன்னால் போய் இரண்டு பக்கிளைக் கழற்றினார். வார் கையோடு வந்துவிட்டது, தோலில் ஒரு கீறல் இல்லை. "எனக்கு டவுட்டா இருந்துச்சு சார், தைக்கல" என்றார். மியூசியத்துக்காரர் அங்கேயே ஓகே சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் பாஷா பாயிடம் டாண்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் குதிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத அது காதுல போட்டுடாதீங்க சார், நாளைக்கு முகூர்த்தம் இருக்குது."

இந்தத் தொழிலில் எங்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும், யாரும் கேட்காமல் நாங்களாகப் பாசத்தில் சேர்க்கும் அந்த ஒரு வார்தான்.