தோளைப் பார்க்கப் போன இடத்தில்

இல்லை, நான் சைக்கிளில் இருந்து விழவில்லை. டொக்டரிடம் அப்படிச் சொன்னது என் கணவன்.

"வட்டைக்க, வயல் வரம்பில சைக்கிளோட சறுக்கி விழுந்தவ, டொக்டர். மூணாந்தரம் தோள் கழண்டிருக்கு. கவனமில்லாத ஆள்."

டொக்டர் சிரிக்கவில்லை. அவனை வெளியே இருக்கச் சொன்னார்.

என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, வலது கையைப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடக்கி, மெதுவாகத் தலைப்பக்கம் சாய்த்தார்.

"கழரப்போற மாதிரி இருந்தா சொல்லுங்க, தங்கச்சி."

சொல்வதற்குள் என் இடது கை தானாக எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டது.

கதவோடு சேர்த்து நெரித்து, இதே பக்கமாகத்தான் அவன் கையை முறுக்குவான். தோள் கழன்ற பிறகுதான் கன்னத்தில் அறைவான்.

டொக்டர் கையை விட்டார்.

"நோகிறது தோள்தானே? ஏன் முகத்த மறைக்கிறீங்க?"

சொன்னேன். மூன்று தரத்தையும்.

"மூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற நார் கிழிஞ்சிருக்கும். ஸ்கேன் எடுப்பம். கையைக் கட்டித் தொங்கவிட்டு, மறுகா, நோவு குறைஞ்ச பிறகு, பயிற்சி. ஆனா இன்னொருக்கா இழுத்தா, ஒப்பரேசன்தான்."

வெளியே அவன் எழுந்தான். "என்னகா இவ்வளவு நேரம்? வீட்ட போவம், வா."

எங்கள் ஊரில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். கலியாணத்தன்று ஒரு சூட்கேசோடு வந்து ஏறியவன் அவன். இரண்டு வருடமாக அதை மறந்திருந்தது நான்தான்.

"அது என்ர வீடு. நீங்க கொக்கட்டிச்சோலைக்கு, உங்கட அம்மாட்ட போங்க."

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், அவன் முகம் எப்படிப் போனதென்று எழுதுங்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு எழுதினேன். பிறகு நாவற்குடாவில் என் வீட்டுக்கு வந்து, அக்காவைக் கூப்பிட்டு, பூட்டை மாற்றினேன்.