லீவு போட்ட டாக்டரம்மா

செய்தி வந்தபோது நான் ஒரு குழந்தையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாதி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், நம்ம டாக்டரம்மா போயிட்டாங்களாம். ராகலையில, தங்கச்சி வீட்டுல. நெஞ்சு வலின்னு படுத்தவங்க எந்திரிக்கல." அது மாதக் கடைசிச் சனிக்கிழமை. எனக்கு மூத்தவரான தனலெட்சுமி டாக்டர் லீவில் போயிருந்தார். லீவில் இருக்கும்போதே அவர் போய்விட்டார் என்பது, அவரை அறிந்த உங்களில் சிலருக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பையும் வரவழைத்திருக்கும். எனக்கு வந்தது. கடமையின்போது உயிர் நீத்தார் என்று பதாகை எழுத அவர் நமக்கு இடம் வைக்கவில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கத்திலுள்ள எங்கள் வைத்தியசாலை முன்பு தேயிலைத் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. அரசாங்கம் பொறுப்பேற்றபோது சுவருக்குப் புது வர்ணமும் வாசலுக்குப் புதுப் பெயர்ப்பலகையும் கிடைத்தன. டாக்டர் மட்டும் நிலைக்கவில்லை. ஒரே ஒரு டாக்டருக்குத்தான் பதவி. இரவும் பகலும் அவரே பார்க்க வேண்டும். டாக்டர்மார் நாட்டை விட்டே கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில், இந்தக் குளிருக்குள் தனியாகக் கிடக்க யாருக்குப் பைத்தியம்? வந்தவர்கள் பெட்டியைப் பிரிக்காமலே இடமாற்றம் கேட்டார்கள். அப்போதுதான் இதே பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்த தனலெட்சுமி வந்து சேர்ந்தார். நம்ம பிள்ளை, எங்கும் போகாது என்று ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது.

போகவில்லைதான். ஆனால் மாதக் கடைசியில் லீவு போட்டார். நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குச் சொல்லி, அம்புலன்ஸைத் தயாராக நிறுத்தி, வாசலில் நின்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டு பஸ் ஏறினார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் முத்தையா சும்மா இருப்பாரா? அவர் போய் நியாயம் கேட்ட கதையை அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"நம்ம புள்ள நீங்க. நீங்களே லீவு போட்டா நாங்க எங்கம்மா போறது?"

"தலைவரே, ஞாயித்துக்கெழமையும் கொழுந்து எடுக்க வாங்கன்னு தோட்டத் தொரை சொன்னா, காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நின்னு நீங்க என்ன சொல்வீங்க?"

"அது வேறம்மா."

"எப்படி வேற?"

தலைவர் எழுந்து வந்துவிட்டார். கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

அந்தக் கோபம் ஒரு லீவு நாளில் அவருடைய மகளுக்கு எதிர்பாராமல் பிரசவ வலி எடுத்தபோது வெடித்தது. அம்புலன்ஸ் நுவரெலியா போய்ச் சேர்ந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மலைப்பாதை வளைவுகள் முழுக்க மகள் கத்தியதைக் கேட்டுக்கொண்டே போன தகப்பன் அவர். திங்கட்கிழமை வந்து மேசையில் ஓங்கி அடித்தார். டாக்டர் சமாதானம் சொல்லவில்லை.

"உங்க கோவம் நியாயம் தலைவரே. சேதி கேட்டதுலேருந்து எனக்கும் சோறு எறங்கல. ஆனா இத எங்கிட்ட காட்டி வீணாக்காதீங்க. என்னையச் சாமியாக்கி உக்கார வச்சிட்டா இன்னொரு டாக்டர நீங்க கேக்கவே மாட்டீங்க. அவங்களும் தர மாட்டாங்க. நாளைக்கு வாங்க, சேந்து சுகாதார ஆபீசுக்குப் போவோம்."

சேர்ந்து போனார்கள். சிறிய வைத்தியசாலைகளின் மறுசீரமைப்பைப் பற்றிப் பேசிய அதிகாரி, நீங்கள் ஒருவரே அழகாக நடத்துகிறீர்களே என்று சிங்களத்தில் பாராட்டினார். "நான் இருக்கும் நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நான் இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்று இவரைக் கேளுங்கள்" என்று டாக்டரும் சிங்களத்திலேயே சொல்லி, தலைவரைக் காட்டினார். மகளின் பயணத்தைத் தலைவர் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போடாமல் பேசினேன் என்பார். அதற்குப் பிறகும் பலமுறை நடையாய் நடந்துதான் இரண்டாவது பதவி கிடைத்தது.

அந்தப் பதவிக்கு வந்தவன் நான். யாழ்ப்பாணத்தான்; அவுஸ்திரேலியா போகிற பரீட்சைக்குப் படித்துக்கொண்டு, கொஞ்சக் காலத்தைக் கழிக்க வந்தவன். முதல் நாளே அதைச் சொல்லிவிட்டேன்.

"போறதுன்னா போங்க டாக்டர், அது உங்க விருப்பம். இருக்கிற வரைக்கும் நல்லாத் தூங்குங்க. மொதல்ல உங்களுக்கு எந்த நாளு லீவு வேணும்னு சொல்லுங்க. அப்புறம் வார்டப் பாக்கலாம்."

விடுதியின் ஒழுகலை எனக்கு முன்பே அடைத்து வைத்திருந்தார். வெந்நீருக்கும் வழி செய்திருந்தார். நான் தூங்கினேன். நன்றாகத் தூங்கி எழுந்தால் நோயாளியிடம் எரிந்து விழத் தோன்றாது என்பதை அங்கேதான் கண்டேன். டாக்டர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்று கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பிடித்து வைக்க வேண்டாம், படுக்க விட்டால் போதும் என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள்; அவர் சிரிக்க மாட்டார். என் பரீட்சைப் புத்தகங்கள் அலமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. தியாகம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். இருக்க முடிந்தது, இருந்துவிட்டேன்.

இறுதிக் கிரியை திங்கட்கிழமை. வாரத்தில் கூட்டம் அதிகமாக வரும் நாள். தலைவர் ராகலைக்குப் பஸ் பிடித்து நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒரு நாளைக்குப் பூட்டிட்டு வாங்க டாக்டர். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் வரேல்ல, தலைவர். இண்டைக்குப் பூட்டினா அவ எழும்பி வந்து ஏசுவா. ரெண்டாவது டாக்டர் எண்டு கேட்டு வாங்கினது இப்பிடியொரு நாளுக்குத்தானே?"

அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. உள்ளே போய் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

இப்போது வைத்தியசாலையில் மறுபடியும் ஒரே டாக்டர். நீங்களும் போயிராதீங்க என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்ளும்போது மனம் இளகத்தான் செய்கிறது. இருந்தாலும் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்த லீவைத்தான். இந்த மாதக் கடைசி வந்ததும் நுவரெலியாவுக்குச் சொன்னேன், அம்புலன்ஸை நிறுத்தினேன், அவர் நின்ற அதே வாசலில் நின்று அறிவித்தேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பின்னால் நின்ற முத்தையா தலைவர் முன்னுக்கு வந்தார்.

"நல்லாத் தூங்கிட்டு வாங்க டாக்டர்," என்றார். "திங்கக்கெழம நீங்க வந்ததும் ஆபீசுக்குப் போவோம். ரெண்டாவது டாக்டரு வேணும்ல."