பேபியும் முப்பத்தெட்டு நிமிடமும்

திரேஸ்புரத்துப் பேபிக்கு வயது நாற்பத்து நான்கு. ஆதார் அட்டையிலும் பேபிதான். டைப் அடிக்கும் வேலைக்கென்று தனராஜ் அண்ணாச்சியின் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தவள், பதினேழு வருடத்தில் மற்றவர்கள் தொடத் தயங்கும் ஒரு வேலையைத் தனதாக்கிக்கொண்டாள். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கன்டெய்னர் யார்டுகளின் வாசலில் லாரிகளைப் பதிந்து உள்ளே விடும் மென்பொருளை அந்தக் கம்பெனி தயாரிக்கிறது. புரோகிராமர்கள் எழுதியதையெல்லாம் ஒன்றுசேர்த்து, சோதித்து, ஒரே கோப்பாகச் சுருக்கி யார்டுகளுக்கு அனுப்புவது பேபியின் பொறுப்பு. அங்கே அதற்குப் பெயர் பில்ட்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யார்டு ஒன்றின் கேட் சூப்பர்வைசர் ரோச் போன் செய்தான். முந்தின நாள் அனுப்பிய பில்டில் ஒரு பிழை. புதிய பதிவெண் உள்ள வண்டி எதையும் கேட் ஏற்கவில்லை.

“அக்கா, லாரி பைபாஸ் வரைக்கும் நிக்கு. டிரைவருங்க என்னையப் பிடிச்சு ஏசுதாங்க. எப்ப அனுப்புவிய?”

பிழை ஒரே வரியில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் திருத்தியாயிற்று. ஆனால் பில்ட் முடிய ஐம்பது நிமிடம் ஆகும். பேபி அவனைத் திரும்பக் கூப்பிட்டாள்.

“ஒரே வரிதான் தப்பு, திருத்தியாச்சு. ஆனா வந்து சேர முக்கா மணி நேரத்துக்கு மேல ஆகும் தம்பி.”

“ஒரு வரிக்கா?” என்றான் ரோச்.

அவன் கோபப்பட்டிருந்தால்கூட பேபி மறந்திருப்பாள். அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டது அவளை உறுத்தியது. அன்று கோப்பை அனுப்பிவிட்டு, பில்டின் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பார்த்தாள். ஐம்பதில் முப்பத்தெட்டு நிமிடத்தைக் கோப்பைச் சுருக்கும் வேலையே விழுங்கியது. மெஷினின் மூளைக்குள் தனித்தனியாக வேலை செய்யக்கூடிய எட்டு கோர் இருந்தும், ஒன்று மட்டும் மூச்சுமுட்ட உழைக்க, மற்ற ஏழும் சும்மா கிடந்தன.

“சுருக்குறதக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா என்ன?” என்றார் தனராஜ்.

“கோப்பு பெருசாயிரும் அண்ணாச்சி. யார்டுல இருக்க நெட்டுக்கு அது இறங்கவே மத்தியானம் ஆயிரும். துண்டு துண்டாப் பிரிச்சு, எட்டு கோரும் ஒரே நேரத்துல சுருக்கட்டும்.”

மறுநாள் அப்படியே செய்தாள். ஆறே நிமிடத்தில் முடிந்தது. ஆனால் கம்பெனியில் ஒரு விதி உண்டு: நடுவில் பிசகு எதுவும் நேரவில்லை என்று உறுதிசெய்ய, ஒரே பில்டை இரண்டு மெஷின்களில் தனித்தனியாகச் செய்து, இரண்டும் கடைசி எழுத்துவரை ஒத்திருந்தால்தான் அனுப்பலாம். நாலு கோர் உள்ள பழைய மெஷின், எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் எடுத்ததில் மெமரி நிரம்பி உறைந்து நின்றது. அதில் மூன்று கோர் மட்டும் வேலை செய்தால் போதும் என்று குறைத்தாள். இந்த முறை முடிந்தது. ஆனால் இரண்டு கோப்பும் ஒத்துப்போகவில்லை.

“விட்ருங்கம்மா. இத்தன வருசம் ஓடுனது இனியும் ஓடும். ஒத்துப்போகாததை நான் அனுப்ப விடமாட்டேன்” என்றார் தனராஜ்.

“நானும் அனுப்பமாட்டேன் அண்ணாச்சி. ஆனா விடவும் மாட்டேன்.”

வழக்கமான வேலைகளுக்கு இடையே இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கோப்பையும் விரித்தால் உள்ளே இருப்பது ஒன்றேதான். அப்புறம் வித்தியாசம் எங்கே? வெள்ளிக்கிழமை அது பிடிபட்டது. எத்தனை கோர் வேலை செய்கிறதோ அத்தனை துண்டு: எட்டு கோர் உள்ள புது மெஷின் கோப்பை எட்டாக வெட்டுகிறது, பழையது மூன்றாக வெட்டுகிறது. வெட்டும் இடம் மாறினால் சுருங்கி வருவதும் மாறத்தானே செய்யும்! எத்தனை கோர் இருந்தாலும் சரி, ஒரு துண்டு அறுபத்து நாலு எம்.பி.தான் என்று அளவை நிரந்தரமாக்கினாள். முடித்த துண்டுகளை வரிசை பிசகாமல் சேர்க்கச் சொன்னாள்.

இரண்டும் ஒத்துப்போயின. பேபி அப்போதும் நம்பவில்லை. கோர்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி இன்னும் ஒன்பது தடவை ஓட்டினாள். ஒன்பதும் அச்சு அசலாக வந்தன. அதன் பிறகுதான் தனராஜைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“சரி, இனி இப்படியே பண்ணுங்க.”

சுருக்குவதற்கு மட்டும் பழைய மெஷினுக்குப் பதினாலு நிமிடம் தேவைப்பட்டதால், முழு பில்டும் இருபத்தாறு நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. மறுமாதம் ரசீது அச்சாவதில் ஒரு கோளாறு என்று ரோச் கூப்பிட்டபோது, அரை மணி நேரத்தில் திருத்திய கோப்பு அவனிடம் இருந்தது.

“என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டு?”

“வேலை செஞ்சோம் தம்பி” என்றாள் பேபி. போனை வைத்துவிட்டு, சுருக்குவது போக மீதிப் பன்னிரண்டு நிமிடம் எங்கே போகிறதென்று பார்க்க உட்கார்ந்தாள்.