ஜூரியில் உட்கார்ந்த மிஸஸ் ஹென்ஸ்லி

"மாக்ஸீன் இல்ல, கண்ணு. அது நான்தான்" என்றார் வெர்லா. பீன்ஸுக்கு நார் கிள்ளிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

மேற்கு வர்ஜீனியா மலைகளில் எங்கள் கவுண்டி நீதிமன்றத்தின் பழைய ஜூரிப் பதிவுகளை ஒழுங்குபடுத்துவது என் வேலை. அங்கே முதன்முதலாக ஜூரியில் உட்கார்ந்த பெண்களுக்கு வாசலில் ஒரு வெண்கலப் பலகை வைக்க முடிவாகியிருந்தது. அந்தக் காலத்தில் பெண்களைக் கணவர் பெயரால்தான் எழுதினார்கள். 1958-ல் ஒரு பெண் வெறும் 'மிஸஸ் ராய் ஹென்ஸ்லி'. பெரிய கடை வைத்திருந்த ராயின் மனைவி மாக்ஸீன்தானே அது என்று உறுதிசெய்துகொள்ளத்தான் அவருடைய பழைய தோழி வெர்லாவிடம் போயிருந்தேன்.

"கடைக்கார ராய் ஒருத்தர், மரமில்லு ராய் ஒருத்தர். மில்லுக்காரர் எம் புருஷன். ஷெரீஃபோட ஆளு கடைக்காரர் வீட்டு சம்மனை எங்க ஓடைக்கரைக்குக் கொண்டாந்துட்டான்."

ஆள் மாறிவிட்டது என்று யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"ஜட்ஜுகிட்டயே சொன்னேனே. கண்ணாடியக் கழட்டி என்னப் பாத்தாரு. 'தாள்ல மிஸஸ் ராய் ஹென்ஸ்லின்னு இருக்கு. நீ மிஸஸ் ராய் ஹென்ஸ்லிதானே?'ன்னாரு. ஆமான்னேன். 'அப்ப உக்காரு'ன்னாரு."

கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"பலகைல வெர்லான்னு போடு. ராய் பேரு வேண்டாம். அவருக்குத்தான் கல்லறைல ஒரு கல்லு இருக்கே."

ஜூரியில் உட்கார்ந்தபோது வெர்லாவுக்கு இருபத்து நான்கு வயது. பக்கத்துக் கவுண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பெண்களும் ஜூரியில் உட்காரலாம் என்று எங்கள் மாநிலத்தில் சட்டம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நீதிமன்றத்தில் பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது. எதிரே இருந்த மெதடிஸ்ட் சர்ச்சுக்குத்தான் போகவேண்டும். வெர்லா இடுப்பில் கைக்குழந்தையோடு போய் நின்றார். பட்டியலில் பெயர் இருப்பதைக் கேள்விப்பட்டு, தன்னைத்தான் கூப்பிடப்போகிறார்கள் என்று நம்பி மாக்ஸீனும் வந்திருந்தார், புதிதாக வாங்கிய தொப்பியோடு. ஜட்ஜ் வெர்லாவை உட்காரச் சொன்னதும் மாக்ஸீன் எழுந்துவந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். இரண்டு நாளும் வெளியே மேப்பிள் மரத்தடியில், தலையில் அதே தொப்பியோடு, குழந்தையை மடியில் வைத்திருந்தார். பால் குடிக்க மட்டும் உள்ளே கொண்டுவருவார்.

வழக்கு எஸ்ரா போல்ஸ் என்ற பண்ணைக் கூலியாள் மேல். முதலாளியின் வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்தான் என்று குற்றச்சாட்டு. அவன் அதன் பக்கம் போனதை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் பதினொரு பேர் குற்றவாளி என்றார்கள். வெர்லா ஒருவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் தீர்ப்பு. ஜூரியின் தலைவர் தீவனக்கடைக்காரர். ஆள் மாறி வந்தவளுக்கு இவ்வளவு வாயா என்று முதலில் கேலி செய்தார். பிறகு தணிந்து வந்தார்.

"வீட்ல உன் அடுப்பு அணைஞ்சு கெடக்கும், பொண்ணே. நீ ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் கெளம்பலாம்."

"அடுப்ப நான் போய்ப் பத்த வச்சுக்குவேன். இவன் பத்த வச்சான்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாராம் வெர்லா.

மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவராக அவர் பக்கம் வந்தார்கள். தீர்ப்பு வாசித்தபின் எழுத்தர் ஒவ்வொருவரையும் எழுப்பி, இதுதான் உங்கள் தீர்ப்பா என்று கேட்டார். ஒரு பெரிய மனுஷர் தன்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று வெர்லா என்னிடம் சொன்னார். விடுதலையான எஸ்ரா நன்றி சொல்லவில்லை. வெர்லாவைத் தெருவில் கண்டால் வெட்கத்தில் எதிர்ப்பக்கம் போய்விடுவான். கொட்டகைக்காரரின் சொந்தக்காரர்கள் ராயின் மில்லுக்கு மரம் அனுப்புவதை நிறுத்தினார்கள். சர்ச்சில் வெர்லாவின் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. மாக்ஸீன் மட்டும் ஞாயிறுதோறும் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

நான் பலகைக்கு வெர்லாவின் பெயரை எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் மாக்ஸீனின் மகள் டார்லீன், தன் அம்மாவின் பெயர்தான் வரப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். மாக்ஸீனிடம் தானே பக்குவமாகச் சொல்லிவிடுவதாக வெர்லா சொன்னார். மாக்ஸீன் இருந்த முதியோர் இல்லத்துக்கு நான்தான் அவரைக் காரில் அழைத்துப் போனேன்.

நாங்கள் போனபோது மாக்ஸீன் அங்கிருந்த பணிப்பெண்ணிடம் ஜூரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டகை, தீவனக்கடைக்காரர், அடுப்பு, ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு இடத்திலும் 'நான், நான்' என்றார். சமீபமாக அவருக்கு நினைவு குழம்பியிருந்தது. பொய் சொல்லும் முகமில்லை அது. வெர்லாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இவதான் என் குழந்தைய மரத்தடில வச்சுக்கிட்டு இருந்தா. இவ இல்லன்னா என்னால உள்ள உக்காந்திருக்க முடியுமா?"

வெர்லா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு மாக்ஸீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல குழந்த. அழவே இல்ல" என்றார்.

திரும்பும்போது, பலகை எப்போது வைக்கிறார்கள் என்று கேட்டார். பட்டியலை நான் கொடுத்ததும், அநேகமாக இலையுதிர்காலத்தில் என்றேன். நிலக்கரி லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

"எனக்கு எம் பேரு அதுல வேணும், கண்ணு. விட்டுக் குடுக்கறேன்னு நெனச்சுக்காத. ஆனா அவ இருக்கற வரைக்கும் வேண்டாம். நீ கொஞ்சம் மெதுவா வேல பாக்கறியா?"