ஏரம்புவின் குதிரை அடங்காத கிழமை

வன்னியில், கனகராயன்குளத்துக் காணிக்கு வந்த 1957ஆம் ஆண்டிலேயே ஏரம்புவுக்குக் குதிரைக்காரன் என்று பேர் விழுந்துவிட்டது. ஊரெல்லாம் எருது கட்ட, இவன் மட்டும் நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றிவந்த பெண்குதிரையை வண்டிலில் பூட்டினான். ஆளுக்கு அதிலே தலைகால் தெரியாத பெருமை. மாடு வளர்த்துப் பழகினவன் குதிரையையும் மாடாகவே நினைத்தான். பிழை முழுக்க அங்கேதான் இருந்தது.

மூன்று நாலு கிழமைக்கு ஒரு தரம் குதிரைக்குக் குணம் மாறும். காதைப் பின்னுக்கு மடித்துக் கீச்சிடும், வாலைத் தூக்கித் தூக்கி மூத்திரம் விடும், விலாவில் கை பட்டால் உதைக்கும். பசு நாம்பன் காளைக்குக் கத்தினால் ஒரு நாளில் அடங்கிவிடும். இதுவும் அப்படித்தான் என்று ஏரம்பு ஒரு நாள் பூட்டாமல் விடுவான். மறுநாள் பூட்டுவான், அது பாடாய்ப் படுத்தும், இவன் அடிப்பான். இது அடங்க ஒரு கிழமை, ஏழு நாள், வேணும் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் குதிரை அறிந்த ஒரு ஆளும் இல்லை.

அவன் மனைவி இராசமலருக்குப் பிள்ளைநோ கண்டது அப்படியொரு கிழமையில்தான். கலியாணமாகி ஒன்பது வருசம் கழித்துத் தரித்த பிள்ளை. பக்கத்துக் காணி இளையதம்பி எருதுகளைப் பூட்டிக்கொண்டு வேலிப் படலையில் வந்து நின்றான்.

"ஏரம்பண்ணை, என்ர வண்டிலிலை ஏத்துங்கோ. உந்தக் குதிரை நேற்று முழுக்கத் துள்ளினது."

"அது நேற்றோடை முடிஞ்சுது. உன்ர எருது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பொழுதுபட்டிடும்."

பாதி வழியில், காட்டு றோட்டில், குதிரை பின்காலை அகட்டி நின்றது. கெஞ்சினான். அடித்தான். அது உதைத்த உதையில் வண்டில் மரம் முறிந்தது. மனம் கேளாமல் பின்னால் வந்த இளையதம்பி அவர்களை எட்டியபோது பிள்ளை பிறந்திருந்தது. ஆண்பிள்ளை. அழவில்லை.

இளையதம்பியின் வண்டிலில்தான் இராசமலர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்தபின் ஏரம்பு குதிரையை விற்கப் பார்த்தான். பிள்ளையைத் தின்ற குதிரை என்று ஒருவரும் வாங்கவில்லை. அவனும் முதலில் பழியை அதன்மேல்தான் போட்டான். அந்தப் பழி அவன் நெஞ்சில் நிற்கவில்லை.

அடுத்த தரம் குதிரை கீச்சிடத் தொடங்கியதும் வேலித் தடியைப் பிடுங்கிக்கொண்டு போனான். அடிபட வேண்டியவன் தான்தான் என்று அவனுக்குத் தெரியும். அதைத் தாங்க முடியாமல்தான் போனான். இராசமலர் அடுப்படியிலிருந்து குசினி வாசலுக்கு வந்தாள்.

"அடியாதேங்கோ. அது என்ன செய்யும்? எங்கையெண்டாலும் ஒரு ஆண்குதிரை பாத்து விடுங்கோ. அதெண்டாலும் ஒண்டைப் பெறட்டும்."

ஏரம்பு தடியைக் கீழே போட்டான். இனி அவளுக்குப் பிள்ளை தரிக்காது என்று டாக்குத்தர் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை அவன் வீட்டில் ஒருபோதும் சொன்னதில்லை. அவள் எப்படியோ அறிந்திருந்தாள்.

வன்னியில் ஆண்குதிரை எங்கே இருக்கிறது? அந்தக் கிழமை முழுக்கக் குதிரை வேலியோரம் நின்று கனைத்தது. இரண்டு பேரும் வீட்டுக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.