சிதம்பரத்து லைன்

அம்மா ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, சிதம்பரத்து வீட்டுக் கூடத்தில் கேமரா மாட்டினேன். எனக்கு வேலை கடலூரில். என்னோடு வந்துவிடு என்று கெஞ்சியும் பார்த்தேன், சண்டையும் போட்டேன், அசையவில்லை. அம்மாவின் படம் எந்தக் கம்பெனியின் கைக்கும் போய்விடக் கூடாது என்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அங்கேயே சர்வராக்கி வைத்தேன். ஆபீசில் இருந்தபடி போனைத் திறந்தால், அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அந்த இன்டர்நெட் லைன் என் உயிரை வாங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வரும். கேபிள்காரர் வயரை மாற்றினார், கடைசியில் மோடத்தையே மாற்றினார். சர்வரின் பதிவுகளைக் கிளறியபோதுதான், மோடத்துக்குக் கரண்ட் போய்ப் போய் வருவது தெரிந்தது. அம்மாவிடம் கேட்டேன். வானம் இருட்டியது, பிளக்கைப் பிடுங்கினேன் என்றாள்.

நம்பிவிட்டேன். புயலில் டிவியைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். கருமேகம் தலைகாட்டினாலே எங்கள் பக்கத்தில் வீடு முழுக்கப் பிளக்கைப் பிடுங்கிப் போடுவோம். கடலூரில் வெயில் கொளுத்தும்போது சிதம்பரத்தில் இருட்டுவதும் புதிதில்லை. இடி இடித்தால் மட்டும் பிடுங்கு என்று கத்தினேன். சரி என்றாள். அப்புறமும் லைன் போனது. பிளக் பாயிண்ட் லூஸாக இருக்கும் என்று எலக்ட்ரீஷியனை அனுப்பினேன்.

ஒருநாள் மத்தியானம் போன லைன் வரவே இல்லை. அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் இருந்தார். கேபிள்காரரின் போன் ஸ்விட்ச் ஆஃப். சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மறுபடி மறுபடி கனெக்ட் பண்ணிப் பார்த்தேன். கெட்டதைத் தவிர வேறு எதுவும் நினைப்பில் வரவில்லை. புதுச்சத்திரத்தில் நிறுத்தி ஆள் ஏற்றியதற்கு, பாவம், கண்டக்டர் மேல் எரிந்து விழுந்தேன்.

என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தேன். குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அடி எதுவும் இல்லை. போன் நாற்காலியில் கிடந்தது. பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து மோடத்தின் பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. நான் வரும்போதெல்லாம் சுவரைப் பிடித்து நடந்து காட்டியவள், தனியாக இருக்கும்போது உட்கார்ந்தபடியே தரையில் தேய்த்துத்தான் நகர்கிறாள் என்பது பின்பக்கம் தேய்ந்து அழுக்கேறியிருந்த அவள் புடவையைப் பார்த்ததும் புரிந்தது. இன்றைக்குக் குளியலறையிலிருந்து திரும்பி வரும் வழியில் கால் மரத்துப்போயிருக்கிறது.

"மழையே இல்லியேம்மா. எதுக்குப் புடுங்கின?"

"நீ அங்கேருந்து பாத்துகிட்டு இருக்கும்போது எப்பிடி இப்பிடிப் போறது?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தூக்கிவிடக் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"நாற்காலிய மட்டும் கிட்ட போட்டுட்டு, அந்தாண்ட திரும்பிக்க பாப்பா. நானே ஏறிக்கிறேன்."

இழுத்துப் போட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் நாற்காலி தரையில் இழுபட்டது, நின்றது, மறுபடியும் இழுபட்டது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.